பல ப்ராஜெக்ட்டுகளுக்கும் பொதுவான பில்ட் மேக்ரோ: எங்கே எழுதி வைக்கிறீர்கள்?

கட்டுமானி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். விஷுவல் ஸ்டுடியோ 2022, சி++, ஒரே சொல்யூஷனுக்குள் (ப்ராஜெக்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) 14 ப்ராஜெக்ட்டுகள். வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகள் நான்கைப் பயன்படுத்துகிறோம். அவற்றின் ஹெடர் (அறிவிப்புகள் உள்ள ஃபைல்) பாதை, லிப் (கம்பைல் ஆன கோடு) பாதை எல்லாமே ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் டிரைவ் எழுத்திலிருந்து முழுசாக அடித்து வைத்திருக்கிறது. டிபக், ரிலீஸ், அதில் 32 பிட், 64 பிட் என்று நான்கு கான்ஃபிகரேஷன். ஆக ஒரு லைப்ரரியின் பதிப்பு மாறினால் 56 இடத்தில் கை வைக்க வேண்டும்.

போன மாதம் அப்படித்தான் ஒன்றை மாற்றினேன். 55 இடம் மாறிவிட்டது, ஒன்று மட்டும் விட்டுப்போனது. ஒரு ப்ராஜெக்ட்டின் ரிலீஸ் 64 பிட் மட்டும் பழைய ஹெடரை எடுத்துக்கொண்டு புது லிப்புடன் இணைந்திருக்கிறது. கம்பைலரும் ஒன்றும் சொல்லவில்லை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரும் ஒன்றும் சொல்லவில்லை. சோதனையில் இருந்தவர் "இந்தத் திரை மட்டும் திறக்கும்போது விழுகிறது" என்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

டாலர் குறி போட்டு அடைப்புக்குள் எழுதுகிறோமே, சொல்யூஷன்டிர் (சொல்யூஷன் இருக்கும் ஃபோல்டர்), அவுட்டிர் (பில்ட் முடிவு போய்ச்சேரும் ஃபோல்டர்) மாதிரி, அதுபோல "தேர்ட்பார்ட்டிரூட்" என்று சொந்தமாக ஒரு மேக்ரோ, அதாவது ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர், வேண்டும். ஒரே இடத்தில் எழுத வேண்டும், 14 ப்ராஜெக்ட்டும் அதைப் படிக்க வேண்டும். இதே ப்ராஜெக்ட்டுகளில் ஐந்து, சோதனைகளுக்கான வேறொரு சொல்யூஷனிலும் இருக்கின்றன, அங்கேயும் வேலை செய்ய வேண்டும். பில்ட் சர்வரில் யாரும் விஷுவல் ஸ்டுடியோவைத் திறப்பதில்லை, கமாண்ட் லைனில் பில்டை நடத்தும் எம்எஸ்பில்ட் கருவி மட்டும்தான் ஓடும், அங்கேயும் வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

நேர்வழி

என்விரான்மென்ட் வேரியபிள் போதும், நண்பரே. விண்டோஸில் தேர்ட்பார்ட்டிரூட் என்று ஒரு சூழல் மாறி வைத்துவிடுங்கள். எம்எஸ்பில்ட் ஆரம்பிக்கும்போதே எல்லாச் சூழல் மாறிகளையும் ப்ராப்பர்ட்டிகளாக எடுத்துக்கொள்ளும், டாலர் அடைப்பில் அப்படியே கிடைக்கும். எந்த ப்ராஜெக்ட் ஃபைலிலும் எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம். ஒன்று மட்டும் கவனம், மாறியை வைத்த பிறகு விஷுவல் ஸ்டுடியோவை மூடித் திறக்க வேண்டும், ஓடிக்கொண்டிருப்பதற்குப் புது மதிப்பு தெரியாது.

---

பழைய கம்பைலர்

நேர்வழி சொல்வது வேலை செய்யும், ஆனால் அவருடைய பிரச்சினைக்கு அது மருந்து இல்லை என்று நினைக்கிறேன். அவருக்கு வலித்தது பாதையை 56 தடவை அடித்ததால் மட்டும் இல்லை, எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால். சூழல் மாறிக்குப் போனால் அந்த மதிப்பு ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் Git-இல்) அது இருக்காது. ஆறு மாதத்துக்கு முந்தைய பதிப்பை எடுத்து மறுபடி பில்ட் செய்யப் போனால் அன்று அந்த மாறியில் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பது?

இதற்கென்று இருப்பது ப்ராப்பர்ட்டி ஷீட், பல ப்ராஜெக்ட்டுகள் பகிரும் அமைப்புகளைத் தனியாக எழுதி வைக்கும் ஃபைல். வியூ மெனுவில் அதர் விண்டோஸ் என்பதற்குள் ப்ராப்பர்ட்டி மேனேஜர் இருக்கும். சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர் வேறு, இது வேறு. நிறைய பேர் இதைத் திறந்ததே இல்லை. அதில் ஒரு ப்ராஜெக்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து புது ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டி ஷீட் சேருங்கள், "பொது.ப்ராப்ஸ்" மாதிரி ஒரு பெயர். அதைத் திறந்தால் காமன் ப்ராப்பர்ட்டீஸ் கீழே யூசர் மேக்ரோஸ் என்று ஒரு பக்கம், அதில் ஆட் மேக்ரோ. பெயர், மதிப்பு, அவ்வளவுதான். அந்த ஃபைலைக் கிட்டில் சேர்த்துவிட்டு, மற்ற ப்ராஜெக்ட்டுகளில் ஏற்கெனவே உள்ள ஷீட்டைச் சேர்க்கும் வழியில் இதையே காட்டுங்கள்.

அந்த மேக்ரோ சேர்க்கும் பெட்டியிலேயே, பில்ட் சூழலில் இதை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளாகவும் வை என்று ஒரு டிக் இருக்கும். போஸ்ட்-பில்டில் (பில்ட் முடிந்ததும் ஓடும் கட்டளைகள்) ஸ்கிரிப்ட் ஓட்டுகிறீர்கள் என்றால் அதைப் போடுங்கள், ஸ்கிரிப்டுக்கும் அதே மதிப்பு போய்ச்சேரும். நேர்வழி கேட்கும் வசதியும் இதில் வந்துவிடுகிறது.

2010-க்கு முன்னால் சி++ ப்ராஜெக்ட்டுகள் எம்எஸ்பில்டில் இல்லை, விசிபில்ட் என்று தனியாக ஒன்று இருந்தது, ஷீட்டின் எக்ஸ்டென்ஷனும் விஎஸ்ப்ராப்ஸ். விஷுவல் ஸ்டுடியோ 2010-இல்தான் எல்லாம் எம்எஸ்பில்டுக்கு வந்தது. அதனால் இணையத்தில் பழைய பதில்களைப் பார்க்கும்போது எந்தக் காலத்தியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நள்ளிரவு பில்ட்

பில்ட் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ப்ராப்பர்ட்டி ஷீட் சரி. அதற்குள் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் விஷயம். பத்தில் ஒன்பது பேர் "சொல்யூஷன்டிர், அதன் கீழே தேர்ட்பார்ட்டி" என்று எழுதுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சொல்யூஷன்டிர் என்பது எந்தச் சொல்யூஷனைத் திறந்தீர்களோ அதன் ஃபோல்டர். உங்கள் ஐந்து ப்ராஜெக்ட்டுகள் இரண்டு சொல்யூஷனில் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு ஃபோல்டரில் இருந்தால் ஒரே மேக்ரோவுக்கு இரண்டு அர்த்தம். கமாண்ட் லைனில் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் தனியாகக் கொடுத்து பில்ட் செய்தால் சொல்யூஷன் என்று ஒன்றே கிடையாது, அப்போது அதில் நீங்கள் நினைக்கும் மதிப்பு இருக்கவே இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் பச்சையாக ஓடும், சர்வரில் சிவப்பாக விழும். இரவில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இதுதான்.

இதற்குச் சரியான சொல் எம்எஸ்பில்ட்திஸ்ஃபைல்டைரக்டரி. இந்த வரி எந்த ஃபைலுக்குள் எழுதியிருக்கிறதோ அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர், அதுதான் இதன் பொருள். யார் இம்போர்ட் செய்தாலும், எங்கிருந்து பில்ட் செய்தாலும் மாறாது. பொது.ப்ராப்ஸ் கிட்டின் மேல்மட்டத்தில் இருந்தால் தேர்ட்பார்ட்டிரூட் அதற்குப் பக்கத்து ஃபோல்டர், கதை முடிந்தது. இழை முழுக்க வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடைசிச் சாய்கோடு. எம்எஸ்பில்ட்திஸ்ஃபைல்டைரக்டரி கடைசியில் ஒரு பின்சாய்கோட்டோடுதான் முடியும், அவுட்டிரும் அப்படித்தான். சொந்த மேக்ரோவிலும் அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் "லிப்ஸ்" என்பதும் "எக்ஸ்64" என்பதும் ஒட்டிக்கொண்டு, உண்மையில் இல்லாத ஒரு ஃபோல்டரின் பெயர் உருவாகிவிடும். ஆனால் போஸ்ட்-பில்டில் மேற்கோள் குறிக்குள் போடும்போது இந்தச் சாய்கோடே காலை வாரும். ஒரு தடவை ரோபோகாப்பி (ஃபோல்டரைப் பிரதி எடுக்கும் கட்டளை) வரியில் மூலப் பாதையை மேற்கோளுக்குள் அவுட்டிர் என்று போட்டிருந்தார்கள். மேக்ரோ விரிந்ததும் கடைசியில் பின்சாய்கோடு, அதை ஒட்டி மூடும் மேற்கோள். விண்டோஸ் கமாண்ட் லைனில் அந்த இரண்டும் சேர்ந்தால் "மேற்கோள் என்ற எழுத்து" என்று அர்த்தமாகிவிடும், பாதை அங்கே முடியாது. அடுத்து இருந்த சேருமிடப் பாதையையும் சேர்த்து விழுங்கி, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று பிழை. லாகில் பார்த்தால் பாதையின் நடுவே ஒரு மேற்கோள் குறி தனியாக நிற்கும், அதுதான் அடையாளம். மூடும் மேற்கோளுக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்துவிடும், இந்த ஃபோல்டரே என்று பொருள்படும்.

---

கட்டுமானி

இருவருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து செய்துவிட்டேன். பொது.ப்ராப்ஸ் கிட்டில் ஏறிவிட்டது, திஸ்ஃபைல்டைரக்டரியில் எழுதிய பிறகு இரண்டு சொல்யூஷனிலும் ஒரே மதிப்பு வருகிறது. முழுப் பாதை எல்லாம் ஒழிந்தது.

ஆனால் 14 ப்ராஜெக்ட்டிலும் ஷீட்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. ப்ராப்பர்ட்டி மேனேஜரில் ப்ராஜெக்ட்டின் மேலேயே கிளிக் செய்து சேர்த்தால் நான்கு கான்ஃபிகரேஷனுக்கும் சேர்ந்துகொள்கிறது, தெரியாமல் முதல் இரண்டு ப்ராஜெக்ட்டில் ஒவ்வொன்றாகச் செய்தேன். நாளைக்கு யாராவது 15-ஆவது ப்ராஜெக்ட் உருவாக்கி ஷீட்டைச் சேர்க்க மறந்தால் என்ன ஆகும்? இல்லாத மேக்ரோவை எம்எஸ்பில்ட் பிழை என்று சொல்வதில்லை, வெறுமையாக விரித்துவிட்டுப் போய்விடுகிறது. அதைப் பார்த்தபோதுதான் பயமாக இருந்தது.

---

அடுக்குமாடி

அந்த 15-ஆவது ப்ராஜெக்ட்டுக்காகவே வந்தது டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ். எம்எஸ்பில்ட் 15, அதாவது விஷுவல் ஸ்டுடியோ 2017-இலிருந்து இருக்கிறது. இந்தப் பெயரில் ஒரு ஃபைலைக் கிட்டின் மேல் ஃபோல்டரில் வைத்துவிட்டால் அதன் கீழே எந்த ஆழத்தில் ப்ராஜெக்ட் இருந்தாலும் தானாக இம்போர்ட் ஆகிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம், மறக்கவும் வழியில்லை. சி# ப்ராஜெக்ட்டுக்கும் இதுவே.

இதில் நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் தொடங்கி மேலே மேலே தேடிக்கொண்டு போகும், முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் யாராவது இதே பெயரில் ஒரு சின்ன ஃபைல் வைத்தால் மேலே இருப்பது அந்தப் பகுதிக்குத் தெரியாமலே போகும். உள்ளே இருப்பது மேலே இருப்பதை வெளிப்படையாக இம்போர்ட் செய்ய வேண்டும், அதற்கு கெட்பாத்ஆஃப்ஃபைல்அபவ் என்று எம்எஸ்பில்டிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. லினக்ஸிலும் பில்ட் செய்பவர்களாக இருந்தால் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்புறம் வரிசை. எம்எஸ்பில்ட் முதலில் சூழல் மாறிகளை எடுக்கிறது, பிறகு ப்ராப்பர்ட்டிகளையும் இம்போர்ட்டுகளையும் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் படிக்கிறது, கடைசியாக எழுதியவர் சொல்வதே நிற்கும். டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ் மிகவும் முன்னாலேயே உள்ளே வந்துவிடும். சி++ ப்ராஜெக்ட்டில் மைக்ரோசாஃப்ட்.சிபிபி.டிஃபால்ட்.ப்ராப்ஸ் வழியாக வருகிறது. ப்ளாட்ஃபார்ம்டூல்செட் (எந்தக் கம்பைலர் தொகுப்பு என்பது) மாதிரியானவை ப்ராஜெக்ட் ஃபைலில் அதற்குப் பிறகுதான் எழுதப்படுகின்றன. ஆகவே உங்கள் மேக்ரோவின் மதிப்புக்குள் ப்ளாட்ஃபார்ம்டூல்செட்டைச் சேர்த்து ஒரு பாதை அமைத்தால், அந்த நேரத்தில் அது காலி, பாதையில் ஓட்டை விழும். ப்ராப்பர்ட்டி ஷீட் அதற்குப் பிறகு வருவதால் அங்கே அதே வரி ஒழுங்காக வேலை செய்யும். கம்பைலர் அமைப்புகளை டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸில் எழுதினாலும் இதே கதை, பின்னால் வரும் டிஃபால்ட்டுகள் அதன் மேல் எழுதிவிடலாம். பாதை, பதிப்பு எண் மாதிரி அடிப்படை மதிப்புகளை அங்கே வையுங்கள். மற்றவற்றை ஷீட்டிலோ, கடைசியில் வரும் டைரக்டரி.பில்ட்.டார்கெட்ஸிலோ வையுங்கள்.

கையால் எழுதிய மேக்ரோ விஷுவல் ஸ்டுடியோவின் யூசர் மேக்ரோஸ் பக்கத்தில் தெரியவில்லையே என்று பதறாதீர்கள். அங்கே தெரிவதற்கு பில்ட்மேக்ரோ என்று ஐட்டம் ஒன்றும் எழுத வேண்டும், ப்ராப்பர்ட்டி மேனேஜர் வழியாகச் செய்தால் அது தானே எழுதிக்கொள்கிறது. தெரியாவிட்டாலும் மதிப்பு விரியும்.

வெறுமையாக விரியும் பயத்துக்கு: டைரக்டரி.பில்ட்.டார்கெட்ஸில் ஒரு சின்ன டார்கெட் (பில்டின் ஒரு படி) எழுதி, தேர்ட்பார்ட்டிரூட் காலியாக இருந்தாலோ அந்த ஃபோல்டர் இல்லாவிட்டாலோ எரர் டாஸ்க் கொண்டு பில்டை அங்கேயே நிறுத்துங்கள். பிழைச் செய்தியில் எந்த ஃபைலைத் திருத்த வேண்டும் என்றும் எழுதுங்கள். மூன்றே வரி, புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே பிழைத்துக்கொள்ள உதவும்.

---

நேர்வழி

என் பதிலை முழுசாகத் திரும்பப் பெற மாட்டேன், ஆனால் திருத்திக்கொள்கிறேன். பழைய கம்பைலர் கேட்ட கேள்வி நியாயம், ஆறு மாதத்துக்கு முந்தைய பில்டை எடுப்பது பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவில் சிலருக்குப் பெரிய லைப்ரரிகள் வேறு டிரைவில் இருக்கின்றன, சர்வரில் முற்றிலும் வேறு இடம். அதைக் கிட்டில் எழுத முடியாது, எழுதினால் ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது நாங்கள் செய்வது: பொது ஃபைலில் மதிப்பை எழுதும்போது, "இது ஏற்கெனவே காலியாக இருந்தால் மட்டும்" என்று கண்டிஷன் போடுகிறோம். சூழல் மாறி வைத்திருப்பவருக்கு அது, இல்லாதவருக்குக் கிட்டில் உள்ள டிஃபால்ட். கண்டிஷன் இல்லாமல் எழுதினால் ஃபைலில் உள்ளது சூழல் மாறியை மூடிவிடும். கமாண்ட் லைனில் ஹைஃபன் பி போட்டுக் கொடுக்கும் மதிப்போ இரண்டையும் தாண்டி நிற்கும், ஃபைலில் என்ன எழுதியிருந்தாலும் அதுதான். ஆளுக்கு ஆள் மாறுவது எது, எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியது எது என்று பிரித்துக்கொண்டால் எங்கே எழுதுவது என்ற சண்டை வராது. லைப்ரரியின் இருப்பிடம் மாறலாம், பதிப்பு எண் மாறக் கூடாது. பதிப்பு எண்ணுக்கு நாங்கள் கண்டிஷன் போடுவதில்லை.

---

இணைப்பான்

இங்கே எல்லோரும் பேசுவது டாலர் அடைப்பு மேக்ரோ. ஆனால் "ப்ராஜெக்ட்டுகளுக்குப் பொதுவான மேக்ரோ" என்று தேடி வருபவர்களில் பாதிப் பேர் ப்ரீப்ராசஸர் மேக்ரோவைத்தான் சொல்கிறார்கள், ஹேஷ் டிஃபைன், கோடைக் கம்பைல் செய்யும் முன் மதிப்பாக மாற்றப்படும் பெயர். பெயர் ஒன்று, ஆள் வேறு. டாலர் மேக்ரோவை விரிப்பது எம்எஸ்பில்ட், கம்பைலருக்கு அது தெரியவே தெரியாது. கோடுக்குள் வேண்டும் என்றால் ப்ரீப்ராசஸர் டெஃபினிஷன்ஸ் வரியில் "பதிப்பு சமம் டாலர் மேக்ரோ" என்று நீங்களே கடத்த வேண்டும். அந்த வரியின் கடைசியில் சதவீதக் குறி போட்டு முந்தைய டெஃபினிஷன்களைச் சேர்க்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். விட்டால் மேலே ஷீட்டில் எழுதிய எல்லாம் அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

சர்வரில் கமாண்ட் லைனிலிருந்தே ப்ரீப்ராசஸர் டெஃபினிஷன்ஸை மாற்றலாம் என்று ஹைஃபன் பி போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அது ப்ராப்பர்ட்டி இல்லை, ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலோடும் ஒட்டியிருக்கும் மெட்டாடேட்டா, அதனால் கேட்காது. பொது ஃபைலில் "கூடுதல்டிஃபைன்ஸ்" என்று ஒரு ப்ராப்பர்ட்டி வைத்து, அதை டெஃபினிஷன்ஸ் வரியில் சேர்த்துவிட்டால் பிறகு அந்தப் ப்ராப்பர்ட்டியைக் கமாண்ட் லைனில் கொடுக்கலாம்.

ப்ரீப்ராசஸர் மேக்ரோ பொதுவாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்தது. ஒரு ஸ்ட்ரக்டில் (சில மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு), குறிப்பிட்ட மேக்ரோ ஒன்று வரையறுத்திருந்தால் மட்டும் கூடுதலாக 8 பைட் மெம்பர் ஒன்று வரும். லைப்ரரி ப்ராஜெக்ட்டில் அந்த மேக்ரோ இருந்தது, அதைப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டில் இல்லை. ஒரே ஹெடர்தான், இரண்டு பேரும் அதையேதான் இன்க்ளூட் செய்கிறார்கள். பயன்படுத்துபவர் 48 பைட் இடம் ஒதுக்குகிறார், லைப்ரரி 56 பைட் என்று நினைத்து எழுதுகிறது. டிபக்கில் ஒன்றும் தெரியவில்லை, ரிலீஸில் பக்கத்து வேரியபிள் கெட்டுப்போய் வேறெங்கோ போய் விழுந்தது. மூன்று பேர் அந்த வேரியபிளைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டு பக்கத்திலும் சைஸ்ஆஃப், அதாவது அந்த ஸ்ட்ரக்டின் அளவை, அச்சிட்டுப் பார்த்தோம். ஒரே பெயருக்கு இரண்டு எண்கள், திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக. அதைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டுமானிக்கு ஆரம்பத்தில் நடந்ததும் இதன் உறவுதான், பழைய ஹெடர், புது லிப். இதை லிங்கரே பிடிக்க வழி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2010-இலிருந்து டிடெக்ட்_மிஸ்மேட்ச் என்று ஒரு ப்ராக்மா (கோடுக்குள் கம்பைலருக்கு எழுதும் கட்டளை) உண்டு. ஹெடரில் ஒரு பெயர், ஒரு மதிப்பு என்று வைத்துவிட்டால் இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைலில் மதிப்பு வேறுபட்டால் எல்என்கே2038 என்று பிழை வந்து நின்றுவிடும். டிபக் லைப்ரரியை ரிலீஸோடு கலந்தால் இடரேட்டர் டிபக் லெவல் பற்றி வருமே, அதே பிழைதான். ஸ்டாண்டர்ட் லைப்ரரியே இந்த வழியைத்தான் வைத்திருக்கிறது. ஸ்ட்ரக்டின் அளவை மாற்றும் எந்த மேக்ரோவுக்கும் பக்கத்தில் இந்த வரியை வையுங்கள்.

அப்புறம் எழுத்துப்பிழை. ஹேஷ் இஃப் போட்டு ஒரு மேக்ரோவைச் சோதிக்கும்போது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால் அது 0 என்றே எடுத்துக்கொள்ளப்படும். பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் பிழை வராது. ஜிசிசி கம்பைலரில் டபிள்யூஅண்டெஃப், விஷுவல் சி++-இல் சி4668, இந்த இரண்டு எச்சரிக்கைகளும் இதைச் சொல்லும், ஆனால் நீங்கள் இயக்கினால்தான். இயக்கிவிடுங்கள்.

---

மேக் வீட்டுப் பிள்ளை

நான் லினக்ஸ் பக்கம். படித்துக்கொண்டே வந்தபோது எங்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது, பெயர்கள்தான் வேறு. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் (make) என்ற பில்ட் கருவியில் இவற்றுக்கு மேக்ரோ என்றே பெயர், யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரத்தில் இன்றும் அப்படித்தான், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு மேக் மட்டும் வேரியபிள் என்கிறது.

நேர்வழி சொன்ன அதே ஏணி இங்கேயும்: மேக்ஃபைலில் எழுதியது சூழல் மாறியை மூடும், கமாண்ட் லைனில் கொடுத்தது மேக்ஃபைலை மூடும். "காலியாக இருந்தால் மட்டும்" என்பதற்கு நெருக்கமாக எங்களிடம் கேள்விக்குறி சமம். நெருக்கம்தான், அச்சாக அதுவே இல்லை, ஏனென்றால் கேள்விக்குறி சமம் மாறி இருக்கிறதா என்றுதான் பார்க்கும், காலி மதிப்போடு இருந்தாலும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். பொது மதிப்புகளை காமன்.எம்கே என்று ஒரு ஃபைலில் வைத்து எல்லா மேக்ஃபைலும் அதை இன்க்ளூட் செய்யும். நள்ளிரவு பில்ட் சொன்ன திஸ்ஃபைல்டைரக்டரிக்கு இணையாக, மேக்ஃபைல்_லிஸ்ட்டின் கடைசிச் சொல்லை எடுத்து அதன் ஃபோல்டரைக் கேட்க வேண்டும். அதை காமன்.எம்கேயின் முதல் வரியிலேயே, கோலன் சமம் போட்டு, வேறு எதையும் இன்க்ளூட் செய்யும் முன் எழுதிவிட வேண்டும். வெறும் சமம் போட்டால் பயன்படுத்தும்போதுதான் விரியும், அதற்குள் கடைசிச் சொல் வேறு ஃபைலாகியிருக்கும்.

சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில் சிமேக்_சோர்ஸ்_டிர் என்பது உங்கள் சொல்யூஷன்டிர் மாதிரி, எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவரின் ஃபோல்டர். உங்கள் லைப்ரரியை இன்னொருவர் தன் ப்ராஜெக்ட்டுக்குள் சேர்த்த அன்றைக்கு அது அவருடைய ஃபோல்டராகிவிடும். சிமேக்_கரன்ட்_லிஸ்ட்_டிர் எழுதுங்கள். இணைப்பான் சொன்ன 48, 56 பிரச்சினைக்கு சிமேக்கில் நல்ல தீர்வு உண்டு: டார்கெட்_கம்பைல்_டெஃபினிஷன்ஸில் பப்ளிக் என்று போட்டால் அந்த லைப்ரரியை லிங்க் செய்யும் எல்லோருக்கும் மேக்ரோ தானாகப் போய்ச்சேரும், தனியாக எழுத வேண்டாம். எல்லோருக்கும் பொதுவானவற்றைக் கோடே இல்லாத ஒரு இன்டர்ஃபேஸ் லைப்ரரியில் வைத்து அதை லிங்க் செய்ய வைப்பதும் வழக்கம்.

மேக்கில் ஒரு ஆபத்து. பொது மேக்ரோவை மாற்றினால் மேக் எதையும் மறுபடி கம்பைல் செய்யாது, அது ஃபைல்களின் நேரத்தை மட்டும்தான் பார்க்கும். பாதி பழைய மேக்ரோ, பாதி புது மேக்ரோ என்று ஆப்ஜெக்ட் ஃபைல்கள் கலந்துகிடக்கும். ஆப்ஜெக்ட் ஃபைல்கள் காமன்.எம்கேயையும் சார்ந்திருக்கின்றன என்று எழுதிவிடுங்கள், அல்லது நின்ஜா என்ற பில்ட் கருவிக்குப் போங்கள், அது கம்பைல் கட்டளை மாறினாலே மறுபடி கட்டும்.

---

கட்டுமானி

ஒரு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன். டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸுக்கு மாறினேன். நேர்வழி சொன்ன கண்டிஷனையும் போட்டேன். அடுக்குமாடி சொன்ன எரர் டார்கெட் இருக்கிறது. 13 பேரிடம் சரியாக ஓடியது, ஒருவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் பழைய லைப்ரரியே வந்தது. சூழல் மாறி இல்லை, ஃபைல் கிட்டில் உள்ளதேதான். அவர் "நான் ஒன்றும் தொடவில்லை" என்றார், உண்மையும் அதுதான்.

எம்எஸ்பில்டுக்கு ஹைஃபன் பிபி என்று ஒரு ஆப்ஷன் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லா இம்போர்ட்டையும் உள்ளே விரித்து ஒரே நீளமான ஃபைலாக எழுதிக் கொடுக்கிறது, எந்தப் பகுதி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று மேலே குறிப்போடு. அதில் தேர்ட்பார்ட்டிரூட் என்று தேடினேன். என்னுடையதில் ஒரு இடம், அவருடையதில் இரண்டு இடம். இரண்டாவது அவருடைய யூசர் ஃபோல்டரில், ஆப்டேட்டாவுக்குள், மைக்ரோசாஃப்ட்.சிபிபி.எக்ஸ்64.யூசர்.ப்ராப்ஸ் என்ற ஃபைலில் இருந்தது. எப்போதோ ஒரு நாள் ப்ராப்பர்ட்டி மேனேஜரில் இந்தப் பெயரைப் பார்த்து, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் சேரும் என்று அதில் அதே பெயரில் ஒரு மேக்ரோ எழுதியிருக்கிறார். அது ஷீட்டுகளோடு வருவதால் டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸுக்குப் பின்னால் படிக்கப்படுகிறது, ஆக அதுவே ஜெயித்தது. போன வாரம் என் ஷீட் அதற்குப் பின்னால் இருந்ததால் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த வரியை நீக்கியதும் சரியானது.

இப்போது ஒரே ஒரு கேள்வி மிச்சம். வேறு குழுவின் தனிக் கிட்டிலும் இதே மதிப்புகள் வேண்டும் என்கிறார்கள். ஃபைலைப் பிரதி எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை, மறுபடி 56-க்கே போய்விடும்.

---

பழைய கம்பைலர்

அந்த யூசர்.ப்ராப்ஸை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறிவிட்டது. அதில் எழுத வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மதிப்பை மட்டும் சட்டென்று பார்க்க வேண்டும் என்றால் எம்எஸ்பில்ட் 17.8-இலிருந்து கெட்ப்ராப்பர்ட்டி என்ற ஆப்ஷன் இருக்கிறது, பெயரைக் கொடுத்தால் மதிப்பை அச்சிட்டுவிட்டு முடித்துக்கொள்ளும், பில்ட் நடக்காது.

---

நள்ளிரவு பில்ட்

வேறு கிட் என்றால் இரண்டு வழி. கிட் சப்மாட்யூல் (ஒரு கிட்டுக்குள் இன்னொரு கிட்டைச் சேர்ப்பது), அல்லது நியூகெட் பாக்கேஜ் (பதிப்பு எண்ணோடு நிறுவும் தொகுப்பு). பாக்கேஜுக்குள் பில்ட் ஃபோல்டரில், பாக்கேஜின் பெயரையே அச்சாகக் கொண்ட ஒரு ப்ராப்ஸ் ஃபைல் வைத்தால் நிறுவியதும் இம்போர்ட் ஆகிவிடும். சி++-க்கு பில்ட் கீழே நேட்டிவ் என்று இன்னொரு ஃபோல்டர். பெயரில் ஒரு புள்ளி பிசகினாலும் நியூகெட் கண்டுகொள்ளாது, பிழையும் வராது.

நான் பாக்கேஜ் பக்கம். சப்மாட்யூலில் யார் எந்தக் கமிட்டில் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒவ்வொரு கிட்டையும் திறக்க வேண்டும், பாக்கேஜில் பதிப்பு எண் ஒரு வரியில் எழுதியிருக்கும். அந்தக் குழு உங்களோடு ஒரே நாளில் மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அவர்களுக்கு வசதியான நாளில் எண்ணை ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இரண்டு குழுவின் லைப்ரரிகளும் கடைசியில் ஒரே எக்ஸிக்யூட்டபிளுக்குள் போகிறது என்றால், இணைப்பான் சொன்ன டிடெக்ட்_மிஸ்மேட்ச் வரியில் அந்தப் பாக்கேஜின் பதிப்பு எண்ணையே மதிப்பாகக் கொடுங்கள். இரண்டு பேரும் வேறு எண்ணில் இருந்தால் லிங்க் ஆகாது.

---

கட்டுமானி

ஒரே எக்ஸிக்யூட்டபிள்தான். அந்த வரியை இன்றே சேர்க்கிறேன்.